கிழவர் ஏன் தூங்கினார்?

தூக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "அதற்கு உமக்குப் பூரண தகுதி உண்டு. உம்முடைய மூன்றாவது நாவல் எத்தனையோ இரவுகளில் எனக்குக் கை கொடுத்திருக்கிறது" என்றார். இந்த மாதிரிப் பாராட்டுக்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஊரைத் தூங்க வைக்கிறவனுக்குத் தூக்கம் வரவேண்டும் என்று கட்டாயம் இல்லையே! எனக்குப் பல வருஷங்களாக இரவு இரண்டு மணிக்கு விழிப்புக் கொடுத்துவிடுகிறது. பிறகு விடிகிற வரையில் படிப்பதுதான் வேலை. அப்படிப் படித்தவற்றில் பெரும் பகுதி, மனிதர்களும் பிராணிகளும் எதற்காகத் தூங்குகின்றன என்பது பற்றி மனோதத்துவ நிபுணர்களும் மூளை ஆராய்ச்சியாளர்களும் எழுதியவை. பசித்தவன் சமையல் புத்தகம் படிக்கிற கதைதான்.

சென்ற பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போயிருந்தேன். விழிப்புக்குப் பேர் போன ஊர் அது. அடிமுடி தேடிய கதை அந்த மலையைப் பற்றியது. சிவராத்திரியன்று நாலு ஜாமமும் கண் விழிப்பதற்கு அந்தக் கதையைக் காரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. பௌர்ணமிதோறும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக இரவில் மலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர் நடக்கிறார்கள். அதே ஊர்க் கோயிலில் அர்த்தஜாமம் முடிந்ததும் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து, தாலாட்டி, கதவைச் சாத்துகிறார்கள். விழித்திருப்பதும் பூஜை, தூங்குவதும் பூஜை!

குபேர லிங்கத்தைத் தாண்டி வந்தபோது மணி மூன்று இருக்கும். கால் கடுத்தது. சாலையோரத்தில் ஒரு மரத்தடி மேடையில் உட்கார்ந்தேன். சுற்றிலும் தூங்குகிறவர்கள். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சிலர், தாயின் மடியில் தலையும் தகப்பனின் மடியில் காலுமாகக் குழந்தைகள், அவர்களுக்கு நடுவே உரிமையோடு சுருண்டு கிடந்த இரண்டு நாய்கள். பக்கத்தில் இருந்த பாட்டி ஒருத்தி என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சாமி, கண்ணை இழுக்குது. நாலு மணிக்கு எழுப்பி வுடறீங்களா? ஆரணிக்கு அஞ்சு மணி பஸ்ஸைப் புடிக்கணும்" என்றாள்.

"நீங்க நிம்மதியாத் தூங்குங்க பாட்டி. எனக்குத் தூக்கம் வராது" என்றேன். பெரிய சொத்துக்காரன் தன் நிலபுலன்களைப் பற்றிச் சொல்வதுபோல் கொஞ்சம் கர்வமாகவே சொன்னேன். அவள் தன் துணிப்பையை என் காலடியில் வைத்துவிட்டுப் படுத்தாள். இரண்டு நிமிஷத்தில் தூங்கியும் போனாள். நான் காவல் உட்கார்ந்தேன். அந்த மேடையில்தான் இந்தக் கட்டுரை மனத்தில் உருவாயிற்று.

விமரிசகன் தன் அளவுகோலை முதலில் காட்டிவிட வேண்டும். என்னுடையது இது. பதினொரு வருஷங்களுக்கு முன் என் தாயார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒன்பது இரவுகள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாவது இரவு விடிவதற்குச் சற்று முன்னால் அம்மா போய்விட்டாள். அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். நர்ஸ் என் தோளைத் தொட்டு எழுப்பித்தான் செய்தியைச் சொன்னாள். காரியத்துக்கு வந்த அத்தை கூடத்தில் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது: "பக்கத்திலேதான் உட்கார்ந்திருந்தானாம். ஆனா தூங்கிப் போயிட்டானாம். வாயிலே ஒரு சொட்டுப் பால் விட ஆள் இல்லாமப் போச்சு." அத்தை கெட்டவள் அல்ல, நடந்ததைத்தான் சொன்னாள். எனக்கு இரண்டு மணி விழிப்பு ஆரம்பமானது அதற்குப் பிறகுதான். ஆகவே தூக்கத்தைப் பற்றி எந்தச் சித்தாந்தத்தைப் படித்தாலும் நான் அதனிடம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: காவல் இருக்கிறவன் ஏன் தூங்குகிறான்?

இந்தக் கேள்விக்கு மனோதத்துவ நூல்களிலேயே ஒரு கதாபாத்திரம் இருக்கிறார். பிராய்டு 1900-ஆம் வருஷம் என்று தேதியிட்டு வெளியிட்ட கனவுகளைப் பற்றிய பெரிய நூலில், கடைசி அத்தியாயம் ஒரு கனவோடு ஆரம்பமாகிறது. ஒரு தகப்பன் நோயுற்ற குழந்தையின் அருகில் இரவும் பகலும் கண் விழிக்கிறான். குழந்தை இறந்துவிடுகிறது. அவன் களைத்துப்போய் அடுத்த அறையில் படுக்கிறான். கதவு திறந்திருக்கிறது. சடலத்தைச் சுற்றி மெழுகுவர்த்திகள். பக்கத்தில் பிரார்த்தனையை முணுமுணுத்துக்கொண்டு காவலுக்கு ஒரு கிழவர். சில மணி நேரம் கழித்துத் தகப்பன் கனவு காண்கிறான். குழந்தை அவன் கையைப் பிடித்து, நான் எரிவது உனக்குத் தெரியவில்லையா என்கிற பாவனையில் குறைப்பட்டுக்கொள்கிறது. விழித்து ஓடிப் பார்த்தால், கிழவர் தூங்கிவிட்டிருக்கிறார். மெழுகுவர்த்தி சரிந்து துணியும் குழந்தையின் ஒரு கையும் எரிந்திருக்கின்றன.

பிராய்டின் வியாக்கியானம் அழகானது. வெளிச்சம் கண்ணில் பட்டதும் தகப்பன் உடனே எழுந்திருக்கலாம். ஆனால் கனவில் குழந்தை உயிரோடு வருகிறது. அதை இன்னும் ஒரு கணம் உயிரோடு பார்க்கும் ஆசையினால் தூக்கமும் ஒரு கணம் நீளுகிறது. கனவு என்பது தூக்கத்தின் காவல்காரன் என்பது அவர் சித்தாந்தம். சரி, கிழவர்? அவரைப் பற்றிப் பிராய்டு சொல்வது ஏறக்குறைய ஒரே வாக்கியம். படுக்கப் போகும்போதே தகப்பனுக்கு இந்த மனிதர் இந்த வேலைக்கு லாயக்கோ என்ற கவலை இருந்திருக்கலாமாம்! அவ்வளவுதான். தகப்பனுக்கு ஒரு முழுச் சித்தாந்தம். கிழவருக்கு ஒரு வசவு. நாவல் எழுதுகிறவனுக்கு இது பொறுக்கவில்லை. அவருக்கு என்ன வயசு? அதற்கு முந்தின இரவு அவர் எங்கே காவல் இருந்தார்? முணுமுணுத்த பிரார்த்தனை எந்த வார்த்தையில் நின்றது?

பிராய்டை மேலும் தொடர்ந்தால் எனக்கு ஆபத்துத்தான். தூங்குகிறவன் வெளியுலகத்தில் தனக்குள்ள அக்கறையை வாபஸ் வாங்கிக்கொள்கிறான், தாயின் கர்ப்பத்தில் இருந்த நிலைக்குத் தற்காலிகமாகத் திரும்புகிறான் என்று அவர் பிற்பாடு சொன்னார். அம்மாவின் கட்டிலண்டை தூங்கிய பிள்ளைக்கு அதை வாசித்துக் காட்டிப் பாருங்கள்! ஆனால் பிராய்டின் கட்சிக்கு ஆட்டம் கொடுத்துவிட்ட சங்கதி ஒன்று உண்டு. 1953-ல் சிகாகோ சர்வகலாசாலையில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்குகிறவனின் மூடிய இமைக்குள் கண்கள் சில வேளைகளில் வேகமாக ஓடுவதைக் கண்டார்கள். அப்போது எழுப்பினால் பெரும்பாலும் கனவு சொல்கிறான். அந்த நிலை சுமார் ஒன்றரை மணிக்கு ஒரு முறை மணி அடித்தாற்போல் வருகிறது. பிறந்த குழந்தையின் தூக்கத்தில் பாதி அதுதான். 1959-ல் பிரான்ஸில் ஜூவே பூனைகளை ஆராய்ந்து, இந்தத் தூக்கம் ஒரு தனி ரகம் என்று நிலைநாட்டினார். ஆபத்து வந்தபோது ஓடி வருகிறவன் காவல்காரன். வேளை தவறாமல் வந்து போகிறவனைத் தபால்காரன் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. பிராய்டின் விஞ்ஞானத்தை இன்று சந்தேகிக்கலாம். அந்தத் தகப்பனின் கதையைச் சொன்ன கதாசிரியரைச் சந்தேகிக்க முடியவில்லை.

மற்றக் கட்சிகளையும் பார்ப்போம். 'உழைத்தோம், களைத்தோம், தூங்குகிறோம்' என்பது எல்லாரும் சொல்லும் காரணம். நேர்மையான காரணம்தான், ஆனால் பிராணிகளிடம் போனால் நிற்காது. சின்ன வௌவால் வகை ஒன்று கூண்டில் ஒரு நாளைக்குச் சுமார் 20 மணி நேரம் தூங்குகிறது. போட்ஸ்வானா நாட்டில் இரண்டு காட்டு யானைகளுக்குக் கருவி பொருத்திப் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள்: சராசரி நாளைக்கு 2 மணி நேரம், சில சமயம் 46 மணி நேரம் தூக்கமே இல்லை. வௌவால் யானையைவிடப் பத்து மடங்கு உழைத்தது என்று யார் சாட்சி சொல்வது? ஜினீவாவைச் சேர்ந்த கிளாபரேட் என்ற மனோதத்துவ நிபுணர் 1905-லேயே இந்தக் கோணலைக் கண்டுகொண்டார். களைத்துப் போனதால் தூங்கவில்லை, களைத்துப் போகாமல் இருப்பதற்காகத் தூங்குகிறோம் என்றார் அவர். தூக்கம் ஒரு தற்காப்பு உணர்ச்சி. எனக்குப் பிடித்த வாதம் இது. ஆனால் காவல் நேரத்தில் தற்காப்புக்காகத் தூங்கினான் என்றால் அத்தை என்ன சொல்வாள்!

1970-களில் வெப், மெடிஸ் முதலியவர்கள் வேறு வழியில் போனார்கள். இருட்டில் ஒரு பிராணி வெளியே திரிந்தால் விழும், அல்லது இரையாகும். ஆகவே வேலையில்லாத நேரத்தில் அதை ஓரிடத்தில் அடக்கிப் போட இயற்கை செய்த தந்திரம்தான் தூக்கம். ஊரடங்குச் சட்டம்போல. கெட்டிக்கார வாதம். ஆனால் கடலில் ஓங்கிலைப் பாருங்கள். அது மூச்சு வாங்க மேலே வந்துகொண்டே இருக்க வேண்டும், அடங்கிக் கிடக்க முடியாது. அதற்காகத் தூக்கத்தை விட்டுவிட்டதா? இல்லை, பாதி மூளையாகத் தூங்கக் கற்றுக்கொண்டது. காலபாகஸ் தீவுகளின் போர்க்கப்பல் பறவை கடல்மேல் நாள்கணக்கில் பறக்கும்போது தினம் முக்கால் மணிக்கும் குறைவாகப் பறந்துகொண்டே தூங்குகிறது என்று 2016-ல் கண்டார்கள். கரைக்கு வந்தால் 12 மணி நேரத்துக்கு மேல் தூங்குகிறது. வெறும் ஊரடங்குச் சட்டமாக இருந்தால் இவ்வளவு பாடுபட்டு யாராவது அதைக் காப்பாற்றுவார்களா? தவிர, 1980-களில் சிகாகோவில் தூங்க விடாமல் வைக்கப்பட்ட எலிகள், தீனி குறையாமல் இருந்தும் சில வாரங்களில் செத்தன.

தூக்கம் நினைவைப் பக்குவப்படுத்துவதற்காக என்பது இன்னொரு கட்சி. 1924-ல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், பாடம் பண்ணிய உடனே தூங்கியவன் மறப்பது குறைவு என்று காட்டினார்கள். பரீட்சைக்கு விடிய விடியப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை. இதற்கு நேர்மாறாக, தேவையில்லாததை மறப்பதற்குத்தான் கனவு என்றார்கள் கிரிக்கும் மிச்சிசனும், 1983-ல். பகலெல்லாம் மூளையில் இறுகிப்போன இணைப்புகளைத் தளர்த்திச் சமன் செய்வதுதான் தூக்கத்தின் வேலை என்று 2003 முதல் டோனோனியும் சிரெல்லியும் சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் உண்மை இருக்கலாம். ஆனால் 2017-ல் ஒரு வகைச் சொறிமீனும் தூங்குகிறது என்று தெரிந்தது. இரவில் அதன் துடிப்புக் குறைகிறது. தூங்க விடாவிட்டால் மறுநாள் மந்தமாக இருக்கிறது. அதற்கு மூளையே கிடையாது. எந்தப் பாடத்தை அது நெட்டுருப் போட்டது?

இத்தனை கட்சிகளையும் படித்த பிறகு எனக்கு ஒரு பொதுக் குறை தோன்றுகிறது. எல்லாரும் விழிப்பின் பக்கத்திலிருந்தே பேசுகிறார்கள். விழிப்பு எஜமான், தூக்கம் வேலைக்காரன். அந்த வேலைக்காரன் பாத்திரம் துலக்குகிறானா, கணக்கு எழுதுகிறானா, வாசலைப் பூட்டுகிறானா என்பதுதான் சர்ச்சை. இப்படிக் கணக்குப் பார்ப்பதால், வேளையல்லாத வேளையில் வந்த தூக்கம் குற்றமாகிவிடுகிறது.

தூக்கத்தை வேலைக்காரனாக நினைக்காத ஒருவர் அந்த மலையடிவாரத்தில் இருந்தார். ரமண மகரிஷி சிறு பிராயத்தில் அசாதாரணமாகத் தூங்கியவர். நரசிம்ம சுவாமி 1931-ல் ஆங்கிலத்தில் எழுதிய சரித்திரத்தில் இது வருகிறது. திண்டுக்கல்லில் ஒரு நாள் வீட்டார் கோயிலுக்குப் போய்த் திரும்பினால், பையன் உள்ளே தாழிட்டுக்கொண்டு தூங்குகிறான். இடித்தும் கத்தியும் பயனில்லை. எப்படியோ திறந்து உள்ளே போய் அடித்தும் எழுந்திருக்கவில்லை. மதுரையில், விழித்திருக்கும்போது அவனைத் தொடப் பயந்த பையன்கள், தூங்குகிறபோது தூக்கிக்கொண்டு போய் மொத்திவிட்டுப் படுக்கையில் கொண்டு வந்து போடுவார்களாம். மறுநாள் மற்றவர்கள் சொன்னால்தான் அவனுக்குத் தெரியும். அந்தப் பையன் 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி, 16 வயசில், திருவண்ணாமலைக்கு வந்தான். அப்புறம் 1950 ஏப்ரல் வரையில் அந்த ஊரைவிட்டுப் போகவில்லை.

1902-வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்களில் தொடங்கி, கடைசி வருஷங்கள் வரையில் தூக்கம் அவர் பேச்சில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் உடம்பு இல்லை, உலகம் இல்லை, மனம் இல்லை. ஆனாலும் நான் அப்போது இல்லாமல் போனேன் என்று யாரும் சொல்வதில்லை. சுகமாகத் தூங்கினேன் என்கிறோம். அந்தச் சுகத்தை அனுபவித்த நான் யார்? இதுதான் அவர் போட்ட கணக்கு. தூக்கம் எதற்குப் பயன்படுகிறது என்று அவர் கேட்கவில்லை. தூங்கியது யார் என்று கேட்டார்.

பக்தி காரணமாக இதையும் சோதிக்காமல் விட்டுவிடக் கூடாது. நம் நியாய சாஸ்திரக்காரர்கள் வேதாந்திகளோடு பல நூற்றாண்டுகள் சண்டை போட்டது இந்த இடத்தில்தான். 'சுகமாகத் தூங்கினேன்' என்பது ஞாபகம், ஆகவே தூக்கத்தில் ஓர் அனுபவம் இருந்திருக்க வேண்டும் என்பது வேதாந்தியின் வாதம். அது ஞாபகமே அல்ல. காலையில் உடம்பு லேசாக இருப்பதைப் பார்த்துச் செய்யும் அநுமானம் என்பது நையாயிகனின் மறுப்பு. இன்றைய ஆராய்ச்சிசாலையில் நையாயிகனுக்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. இரவு முழுவதும் கண்ணை மூடவில்லை என்று சத்தியம் செய்கிற சிலரின் மூளையலைகளைப் பதிவு செய்து பார்த்தால், பல மணி நேரம் நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள். தன் தூக்கத்தைப் பற்றி மனிதன் சொல்லும் சாட்சியம் அவ்வளவு லட்சணம். எனவே சுகத்தைப் பற்றிய அந்தக் கணக்கு முடிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கேள்வி நிற்கிறது.

கிழவரின் வழக்குக்கு வருவோம். அவருக்காக வாதாடக்கூடியது எது? அந்தஸ்தில் மிகவும் தாழ்ந்த சித்தாந்தம்தான், அது இரசாயனம். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற சரக்குச் சேர்ந்துகொண்டே போகிறது. காப்பி அதைக் கரைப்பதில்லை. அது வந்து உட்காரும் நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டு கொஞ்ச நேரம் தள்ளிப் போடுகிறது, அவ்வளவுதான். கூடவே, விடிவதற்கு முந்தின சில மணி நேரம் உடம்பின் கடிகாரம் அடிமட்டத்தில் இருக்கிறது. 2011-ல் எலிகளிடம் இன்னொன்றும் கண்டார்கள். வெகுநேரம் விழிக்க வைத்தால், கண் திறந்திருக்கும்போதே மூளையின் அணுக்கள் அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கி எழுகின்றன. விழித்திருக்கத் தீர்மானித்தவனை ஒரு வார்த்தை கேளாமல், தீர்மானம் செய்கிற கருவியையே துண்டு துண்டாக அணைத்துவிடுகிறது தூக்கம். பிரார்த்தனையை முணுமுணுத்துக்கொண்டே கிழவர் எந்த நிமிஷத்தில் தூங்கினார் என்று அவரே சொல்லியிருக்க முடியாது. அந்த நிமிஷத்தில் சொல்ல அவர் இல்லை.

இங்கேதான் எனக்கு ஓர் ஆச்சரியம். ஒருவரையொருவர் அறியாத இரசாயனக்காரரும் மலையடிவாரத்து முனிவரும், இந்த ஒரு வழக்கில் ஒரே பக்கம் நிற்கிறார்கள். தூக்கம் நாம் செய்கிற காரியம் அல்ல. செய்கிறவன் நகர்ந்த பிறகுதான் அது வருகிறது. அப்படியானால் குற்றவாளிக் கூண்டில் யாரை ஏற்றுவது?

மேடையில் உட்கார்ந்து இவ்வளவு தூரம் யோசித்தது நினைவிருக்கிறது. அடுத்தாற்போல் யாரோ தோளைத் தொட்டார்கள். திடுக்கிட்டு எழுந்தேன். கிழக்கு வெளுத்திருந்தது, மலையின் விளிம்பு தெளிவாகத் தெரிந்தது. பாட்டி துணிப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். மணி ஐந்தரை.

"பாட்டி, பஸ்!" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. பதினொரு வருஷத்துப் பழைய பயம் தொண்டையை அடைத்தது.

"நீங்களும் தூங்கிட்டீங்களா சாமி?" என்று சிரித்தாள் அவள். "நல்லாத் தூங்கினீங்க. எழுப்பவே மனசு வரலே. பஸ்ஸு போனா என்ன, அடுத்த பஸ்ஸு இல்லாமலா போயிடும்?"

இரண்டு பேருமாகப் பஸ் ஸ்டாண்டு வரையில் நடந்தோம். வழியில் ஒரு கடையில் டீ குடித்தோம். காசு கொடுக்க என்னை விடவில்லை அவள்.